நாற்பத்தொரு தாள்கள்

பள்ளியின் கடைசி ஆண்டில் வகுப்புக்கென்று ஒரு நினைவு மலர் கொண்டுவர வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, அதைத் தொகுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. என் கையெழுத்து தெளிவாக இருப்பதை வகுப்பாசிரியர் காரணமாகச் சொன்னார். எதற்கும் மறுப்புச் சொல்லத் தெரியாதவன் என்பதே உண்மைக் காரணம் என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான 4 ஆண்டுகளில் மனத்தில் நின்ற ஒரு நாளைப் பற்றி ஆளுக்கு அரைப்பக்கம் எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான். மூன்று வாரம் கெஞ்சியும், இடைவேளைகளில் வழிமறித்தும், என்னுடையதையும் சேர்த்து 41 தாள்களைத் திரட்டினேன். சிலர் நான்கு வரியோடு நிறுத்தியிருந்தார்கள். ஒருத்தி ஒன்பது பக்கம் எழுதிவிட்டு, எதையும் வெட்டக்கூடாது என்று மேலே அடிக்கோடிட்டிருந்தாள்.

தாள்களைப் படிக்க உட்காரும்வரை, நாங்கள் எல்லோரும் ஒரே 4 ஆண்டுகளைத்தான் வாழ்ந்தோம் என்று நம்பியிருந்தேன். ஒரே அறை, ஒரே மணியோசை, ஒரே கரும்பலகை. ஆனால் முதல் வரிசையில் இருந்தவர்களின் தாள்களில் ஆசிரியர்களின் முகமும் குரலும் நிறைந்திருந்தன; கடைசி வரிசைக்காரர்களின் தாள்களில் ஆசிரியர் என்பவர் தொலைவில் அசையும் ஓர் உருவம் மட்டுமே, அங்கே நிறைந்திருந்தவை முன்னால் இருந்தவர்களின் பிடரிகள். ஜன்னலோரம் அமர்ந்திருந்த ஒருவன், எதிரே கட்டிக்கொண்டிருந்த கட்டடம் ஒவ்வொரு தளமாக உயர்ந்ததை வைத்தே பத்தாம் வகுப்பு முழுவதையும் நினைவில் அடுக்கியிருந்தான். மூன்றாம் தளத்துக்குக் கம்பி கட்டியபோது முக்கோணவியல் தொடங்கியதாம். அவன் சொன்ன பிறகுதான் அப்படியொரு கட்டடம் இருப்பதையே நான் கவனித்தேன்.

41 தாள்களில் 17 தாள்கள் ஒரே பிற்பகலைப் பற்றியவை. பதினோராம் வகுப்பில் வேதியியல் ஆய்வகத்திலிருந்து அழுகிய முட்டை நாற்றம் கிளம்பி, தளம் முழுவதும் பரவி, வகுப்புகளெல்லாம் மைதானத்துக்கு வெளியேற்றப்பட்ட பிற்பகல் அது. விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: உப்புகளைக் கண்டறியும் சோதனைக்கு ஹைட்ரஜன் சல்பைடு வாயு தேவை. அதற்காக ஆய்வகத்தின் மூலையில், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கண்ணாடிக் குமிழ்கள் கொண்ட கிப் கருவி இருக்கும். அதற்குள் இரும்பு சல்பைடுத் துண்டுகளின்மேல் நீர்த்த அமிலம் பட்டால் வாயு எழும். குழாயை மூடினால், உள்ளே சேரும் வாயுவின் அழுத்தமே அமிலத்தைத் துண்டுகளிடமிருந்து விலக்கி வினையை நிறுத்திவிடும். குழாயை மூட மறந்தால் அது தன்பாட்டுக்கு வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். அன்று யாரோ மூட மறந்தார்கள்.

அந்த யாரோ யார் என்பதில்தான் தாள்கள் முரண்பட்டன. மூன்று பேர், தனித்தனியாக, தாங்கள்தான் அந்தப் பெருமைக்குரியவர்கள் என்று எழுதியிருந்தார்கள். அன்று தலையைக் குனிந்துகொண்டு திட்டு வாங்குவதற்கு ஓர் ஆள்கூட முன்வரவில்லை என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிரிவுபசார வேளையில் மூன்று பேர் உரிமை கொண்டாடுகிறார்கள். காலையில் நடந்தது என்றார்கள் சிலர், மதிய இடைவேளைக்குப் பிறகு என்றார்கள் பலர். மழை பெய்துகொண்டிருந்தது என்று ஒரு தாள் சொன்னது. வெயிலில் நின்று கால் சுட்டது என்றது இன்னொன்று.

17 தாள்களில் மிகச் சிறந்தது, எங்கள் வகுப்பின் சிரிப்பு மன்னன் எழுதியது. ஆய்வக உதவியாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்த விதம், எங்கள் வரிசையில் ஒருத்தி மயக்கம் வந்ததாக நடித்து நிழலில் இடம் பிடித்த சாமர்த்தியம், தலைமையாசிரியர் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று விரலை நீட்டிப் பார்த்த காட்சி என்று ஒவ்வொன்றும் கண்முன் நடப்பதுபோல் இருந்தது. மலரின் முதல் பக்கத்துக்கு அதையே வைப்பது என்று முடிவு செய்தேன்.

பெயர்களையும் தலைப்பெழுத்துகளையும் சரிபார்ப்பதற்காக வகுப்பாசிரியர் நான்கு ஆண்டுகளின் வருகைப் பதிவேடுகளையும் என்னிடம் கொடுத்திருந்தார். அந்த நாளின் தேதியை என் செய்முறைக் குறிப்பேட்டிலிருந்து எடுத்தேன். பாதியில் நின்ற அந்தச் சோதனைக்குக் கீழே ஆசிரியர் தேதியிட்டுக் கையொப்பமிட்டிருந்தார். ஏதோ ஓர் ஆர்வத்தில் பதிவேட்டில் அதே தேதியைப் புரட்டிப் பார்த்தேன். சிரிப்பு மன்னன் அன்று பள்ளிக்கே வரவில்லை. அதற்கு முந்தைய நாளும் வரவில்லை.

அவனிடம் காட்டினேன். "டேய், அந்த நாத்தம் இப்பவும் என் மூக்குல இருக்கு. ஒரு நோட்டைக் காட்டி நான் வரவே இல்லைன்னு சொல்றியா?" என்று கோபப்பட்டான். பிறகு சற்று நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மை போட்டிருந்த வாரம் அது என்பது அவனுக்கு மெல்ல நினைவுக்கு வந்தது. திரும்பி வந்தபோது ஆளாளுக்குச் சொன்ன கதைகளைக் கேட்டிருக்கிறான். அவற்றைக் கோத்து, எங்களுக்கே திரும்பத் திரும்ப நடித்துக் காட்டியிருக்கிறான். இரண்டு ஆண்டுகளில் அவன் கேட்டது அவன் பார்த்ததாக மாறியிருந்தது. இதில் எங்களுக்கும் பங்குண்டு: தலைமையாசிரியரின் விரலை நான் என் கண்ணால் பார்த்தேனா, அவன் நடித்துப் பார்த்தேனா என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பதிவேட்டின் முன் என் நினைவும் நிற்கவில்லை. பத்தாம் வகுப்பு முதல் பருவத் தேர்வில் கணிதத்தில் 80க்கு மேல் வாங்கியதாக வீட்டிலும் வெளியிலும் சொல்லி வந்திருக்கிறேன். மதிப்பெண் பட்டியலில் இருந்தது 61. ஓஹையோ வெஸ்லியன் பல்கலைக்கழகத்து உளவியலாளர் ஹாரி பாஹ்ரிக்கும் அவருடைய சகாக்களும் 1996இல் வெளியிட்ட ஆய்வைப் பின்னர் படித்தபோது கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது. உயர்நிலைப் பள்ளியில் பெற்ற தரநிலைகளை நினைவுகூரும்படி 99 கல்லூரி மாணவர்களைக் கேட்டு, அவர்கள் சொன்ன 3,220 தரநிலைகளைப் பள்ளி ஆவணங்களோடு ஒப்பிட்டார்கள். 'ஏ' வாங்கியவற்றில் 89 விழுக்காட்டைச் சரியாகச் சொன்ன அதே மாணவர்கள், 'டி' வாங்கியவற்றில் 29 விழுக்காட்டை மட்டுமே சரியாகச் சொன்னார்கள். தவறிய விடைகளில் பெரும்பாலானவை உண்மையைவிட உயர்வாகவே இருந்தன. அவர்களுக்கும் பள்ளி முடிந்து பல ஆண்டுகள் ஆகிவிடவில்லை.

ஆண்டுகள் கூடினால் என்ன ஆகும் என்பதற்கு டேனியல் ஆஃபர் என்ற அமெரிக்க மனநல மருத்துவரின் ஆய்வு இருக்கிறது. 1962இல் 14 வயதாக இருந்த பையன்களிடம் வீடு, பெற்றோர், படிப்பு, தண்டனை பற்றியெல்லாம் கேட்டுக் குறித்துவைத்தவர், அவர்களில் 67 பேரை 48ஆம் வயதில் தேடிப் பிடித்து, அன்று என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். அவர்களுடைய விடைகள் கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தவன் சொல்வதைவிட மேலாக இல்லை. சிறுவயதில் உடல்தண்டனை பெற்றதாக அன்று பத்தில் எட்டுப் பேர் சொல்லியிருந்தார்கள். நடுவயதில் அது நினைவிருந்தது மூன்றில் ஒருவருக்குத்தான். எங்கள் மலரை 34 ஆண்டுகள் கழித்துத் திறக்கப் போகிறவர்களுக்கு, அது எழுதப்பட்ட வாரத்திலேயே அதில் பாதி கதை என்பதை நான் சொல்லிவைக்க வேண்டுமா என்று யோசித்தேன்.

வேறொரு வகைத் தாள்களும் இருந்தன. எட்டுப் பேர், மறக்க முடியாத நாள் என்று தாங்கள் வெட்கப்பட்ட நாளை எழுதியிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் காலைக் கூட்டத்தில் பேச நின்று, முதல் வரிக்குப் பிறகு எதுவும் வராமல் இறங்கிய ஒருத்தி, அந்த நிமிடத்தை நான்கு ஆண்டுகளாகச் சுமந்து வந்திருக்கிறாள். அன்று மேடையிலிருந்து இறங்கி வகுப்புக்குத் திரும்பிய வழியில் எல்லோரும் தன்னையே பார்த்ததாகவும், அதன் பிறகு எந்தக் கேள்விக்கும் கை உயர்த்தியதில்லை என்றும் எழுதியிருந்தாள். மற்ற 40 தாள்களில் ஒரு தாள்கூட அதைக் குறிப்பிடவில்லை. பத்துப் பேரிடம் வாய்விட்டே கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் நினைவில்லை. உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் உடன் பணியாற்றியவர்களும் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடத்தி 2000இல் வெளியிட்ட சோதனை பலர் அறிந்ததுதான்: கூச்சப்பட வைக்கும் படம் அச்சிட்ட சட்டையை மாணவர் ஒருவருக்கு மாட்டிவிட்டு, மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப்பேராவது அதைக் கவனித்திருப்பார்கள் என்று சட்டை அணிந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்பங்கினர். இதை அவளிடம் சொன்னேன். மகிழ்வாள் என்று எதிர்பார்த்தது என் அசட்டுத்தனம். "அப்ப நாலு வருஷமா நான் கையே தூக்காம இருந்ததும் யாருக்கும் தெரியாதா?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பாடங்களைப் பற்றி எழுதியவர்கள் நான்கே பேர். ஆண்டுக்கு ஏறத்தாழ 200 நாள், நாளுக்கு 7 பாடவேளை என்று வைத்தால், 4 ஆண்டுகளில் 5,600 பாடவேளைகள் அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறோம். அவற்றில் தாளுக்கு வந்தவை பத்தைத் தாண்டாது. ஆசிரியர்கள் படித்தால் வருந்துவார்களே என்று எனக்கு முதலில் தோன்றியது. கணித ஆசிரியரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். நாள்தோறும் ஒரே இடத்தில் ஒரே வகையில் நடப்பதை மனம் தனித்தனியாக எடுத்துவைப்பதில்லை, அவை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து ஒரே படமாகிவிடும் என்றார். உண்மைதான். அவர் கரும்பலகையை இடமிருந்து வலமாக அழிக்கும்போது சமன்பாட்டின் கடைசி உறுப்பு மட்டும் எப்போதும் ஓரத்தில் மிஞ்சி நிற்கும். அது எந்த நாள் என்று கேட்டால் சொல்ல முடியாது. எல்லா நாளும்தான். அந்த ஓர உறுப்பை மூன்று தாள்கள் குறிப்பிட்டிருந்தன. இருபடிச் சமன்பாட்டின் தீர்வை ஒரு தாளும் குறிப்பிடவில்லை.

இதுவரை எழுதியதெல்லாம் வேடிக்கை. பதிவேடுகளில் என்னை நிறுத்திவைத்தது வேறொன்று. ஒன்பதாம் வகுப்புப் பதிவேட்டில் 46 பெயர்கள் இருந்தன. புதிதாக வந்து சேர்ந்தவர் எவரும் இல்லை. ஐந்து பெயர்களின்மேல், ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ என, சிவப்பு மையில் கோடு விழுந்திருந்தது. இருவர் பெற்றோரின் வேலை மாற்றத்தால் போனவர்கள். அவர்களுக்குப் பிரிவு விருந்து வைத்து அனுப்பினோம். ஒருத்தி தேர்ச்சி பெறாமல் பின்தங்கி, நாங்கள் மேல் வகுப்புக்குப் போன மறுமாதமே எங்களைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொள்ளத் தொடங்கினாள். ஒருவன் நோயில் ஓராண்டை இழந்து வேறு பள்ளியில் சேர்ந்தான். ஐந்தாவது பெயர், ஒன்பதாம் வகுப்பின் முதல் நாளிலிருந்து பத்தாம் வகுப்பின் நடுப்பகுதிவரை என் பெஞ்சில் என் தோளை உரசிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுடையது.

அவன் ஒருநாள் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. பதிவேட்டில் தொடர்ச்சியாக 22 குறிகள், அதன்பின் கோடு. வீட்டில் சம்பாதிக்க ஆள் இல்லாமல் வேலைக்குப் போய்விட்டான் என்று பின்னால் தெரிந்தது. அவனுடைய இடத்துக்கு முன் பெஞ்சிலிருந்து ஒருவனை மாற்றினார்கள். அவ்வளவுதான் நடந்தது. அழுததாகவோ தேடிப்போனதாகவோ எனக்கு எந்த நினைவும் இல்லை. இருந்திருந்தால் அதைப் பெருமையாகவே இங்கே எழுதியிருப்பேன்.

பள்ளியின் கடைசி வகுப்புவரை வந்து சேருவது உலகில் இன்னும் எல்லோருக்கும் கிட்டுவதில்லை. மேல்நிலைக் கல்வியை முடிப்பவர்களின் விகிதம் 2015இல் 53 விழுக்காடாக இருந்து 2023இல் 59 விழுக்காட்டுக்கு வந்திருப்பதாக யுனெஸ்கோவின் உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை கூறுகிறது. ஐந்தில் மூவர்தான். அந்தக் கணக்கில் எங்கள் வகுப்பு அதிர்ஷ்டம் செய்த வகுப்பு; 46இல் ஒருவனை மட்டுமே படிப்பிலிருந்து முற்றிலும் இழந்திருக்கிறோம். ஆனாலும் திரும்பிப் பார்க்கும் உரிமையைக் கடைசிவரை நின்றவர்களே எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அந்தச் சிவப்புக் கோடுகளைப் பார்க்கும்வரை எனக்கு உறைக்கவில்லை. தாள்களில் எத்தனை முறை "நாங்கள்" என்ற சொல் வந்திருக்கிறது என்று எண்ண முடியாது. அந்த "நாங்கள்" ஒவ்வொன்றும் 41 பேர்தான்.

ஒரே ஒரு தாளைத் தவிர. ஆய்வக நாற்றத்தைப் பற்றிய 17 தாள்களில் ஒன்று, அதிகம் பேசாத ஒருத்தி எழுதியது. மைதானத்தில் வரிசையாக நின்றபோது தனக்கு முன்னால் என் பழைய பெஞ்சுக்காரன் நின்றதாகவும், கைக்குட்டையை இரண்டாகக் கிழித்துத் தனக்குப் பாதி கொடுத்ததாகவும் எழுதியிருந்தாள். அவன் அதற்கு ஓராண்டுக்கு முன்பே போய்விட்டான். கைக்குட்டையைக் கிழித்துக் கொடுத்தது உண்மையாகவே இருக்கலாம், ஒன்பதாம் வகுப்பில் வேறு ஏதாவது ஒரு நாளில். அந்த நாள் கரைந்துபோய், அவன் செய்த காரியம் மட்டும் மிஞ்சி, எல்லோரும் கூடியிருந்த ஒரு பிற்பகலில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிரிப்பு மன்னனிடம் நீட்டியதுபோல் இவளிடம் பதிவேட்டை நீட்ட எனக்கு மனம் வரவில்லை. எழுதியபடியே அச்சுக்குக் கொடுத்தேன். சிரிப்பு மன்னனின் தாளையும் முதல் பக்கத்திலேயே வைத்தேன். கீழே "கேட்டு எழுதியது" என்று போடச் சொன்னவன் அவன்தான்.

கடைசிப் பக்கத்தில் குழுப் படம் வர வேண்டும், அதன்கீழ் வரிசைப்படி பெயர்கள். பள்ளி ஆண்டு மலர்களில் உள்ள படங்களை வைத்து 392 பேரிடம் நடத்தி பாஹ்ரிக்கும் சகாக்களும் 1975இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், பெயர்களைத் தாமாக நினைவுகூர முடியாதவர்கள்கூட, பள்ளி முடிந்து ஏறத்தாழ 35 ஆண்டுகள்வரை உடன் படித்தவர்களின் முகங்களில் பத்தில் ஒன்பதை அடையாளம் கண்டார்கள். எனவே படம்தான் நிலைக்கும். படத்தில் இல்லாதவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் எடுத்த குழுப் படத்தை இதன் பக்கத்திலேயே போட்டால் என்ன என்று கேட்டேன். ஒரு பக்கம் கூடும், செலவு ஆகும் என்றார்கள் சிலர். ஒன்பது பக்கம் எழுதியவள் தன்னுடையதில் இரண்டு பக்கத்தை வெட்டிக்கொள்ளச் சொன்னாள்.

46 பெயர் என்று ஆனபின் 41 தாளோடு நிறுத்துவது சரியாகப் படவில்லை. போன ஐந்து பேருக்கும் செய்தி அனுப்பினேன். மூவர் எழுதவில்லை. வேலை மாற்றத்தால் போனவர்களில் ஒருவன் வாழ்த்து அனுப்பினான். என் பெஞ்சுக்காரனின் தாள், அச்சுக்குப் போக இரண்டு நாள் இருந்தபோது, படம் பிடித்து அனுப்பிய நான்கு வரியாக வந்தது.

அதைச் சொல்வதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவனைப் பற்றி என் நினைவில் பதிந்திருந்த கடைசிச் செய்தி, என் கவராயத்தை வாங்கிக்கொண்டு போனவன் திருப்பித் தரவில்லை என்பதுதான். திருகு தேய்ந்து பென்சில் நிற்காத கவராயம் அது. அதற்காக அந்த வார இறுதியில் புதிய ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்க வேண்டியிருந்தது, வீட்டில் திட்டும் கிடைத்தது. ஒன்றரை ஆண்டு பக்கத்தில் இருந்தவனிடமிருந்து நான் எடுத்துவைத்தது அந்தத் திட்டு மட்டும்தான்.

அவன் எழுதியிருந்தான்: "கடைசியா வந்த அன்னைக்கு கணக்கு சார் வரல. எல்லாரும் வெளிய போய்ட்டீங்க. நான் வகுப்புலயே இருந்தேன். உன் காம்பஸ்ல பென்சில் ஆடாம இருக்க ஒரு பேப்பரைச் சுத்தி, உன் பெட்டியிலயே வச்சுட்டுப் போனேன். பாத்தியா?"

பழைய பெட்டி வீட்டில் பரண்மேல், பத்தாம் வகுப்புப் புத்தகங்களுக்கு அடியில் இருந்தது. மூடி துருவேறிப் பிடித்திருந்ததால் திறப்பதற்கு அளவுகோலைக் கொடுத்து நெம்ப வேண்டியிருந்தது. பாகைமானிக்குக் கீழே கவராயம் கிடந்தது. விரலளவுகூட இல்லாத ஒரு பென்சில் துண்டு, கோடுபோட்ட நோட்டுத்தாளில் இறுகச் சுற்றப்பட்டு, அதன் காலில் அசையாமல் நின்றுகொண்டிருந்தது.